டாக்டர் சொன்னதில் பாதி

என் மனைவியிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் உடம்பு உருக்குலைந்தது. எதற்காகச் சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? தயிர் சாதத்துக்காக! சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொண்டே படியுங்கள்.

மாட்டுங்காவில் ஒற்றை அறைக் குடித்தனம் எங்களுடையது. நானும் லலிதாவும் மட்டும். பம்பாயில் அரிசிக்குத் தவம் கிடந்த காலம் அது. ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் அரிசி பையின் அடியில் கிடக்கும். கோதுமைதான் வேண்டிய மட்டும். வந்த அரிசியை வடித்து என் தட்டில் போட்டுவிடுவாள் லலிதா. "எனக்குச் சப்பாத்தி பழகிடுத்துன்னா. நீங்க சாப்பிடுங்கோ" என்பாள். நானும் சாப்பிட்டேன், இரண்டு வேளையும், வெட்கமில்லாமல்!

அவளுக்கோ மாதக்கணக்காக வயிறு சரியில்லை. பேதி, உப்புசம், எழுந்து நிற்க முடியாத அசதி. கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிற்று. கஷாயத்துக்கும் கேட்கவில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குழாயை விழுங்கச் சொல்லி, குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள்.

முடிவைச் சொன்ன டாக்டர் இங்கிலீஷில் பேசினார். லலிதாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் பேசப் பேச என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது இதுதான். சிலர் குடலுக்குக் கோதுமை ஆகாது. இவளுக்கு அந்த நோய் உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே மூன்று மாதம் கோதுமையை அடியோடு நிறுத்திப் பாருங்கள்; உடம்பு தேறினால் பிறகு ஆயுளுக்கும் தொடக் கூடாது.

"என்னவாம்?" என்றாள் லலிதா.

அந்தக் கணத்தில் என் மனத்தில் அவள் நினைவே இல்லை... ரேஷன் பைதான் இருந்தது! உள்ள அரிசியெல்லாம் இவளுக்கென்றால் எனக்கு? காலையும் மாலையும் சப்பாத்தியா?

"டெஸ்டில ஒண்ணும் தெளிவாத் தெரியலையாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லையாம்" என்றேன்.

"அப்பாடா! வயத்துல பாலை வார்த்தேள்" என்று அவள் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவரும் புன்னகையோடு தலையசைத்தார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்... ஒரு நாள் குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தாள். அக்கம்பக்கத்தார் தூக்கி வந்து கிடத்தினார்கள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லையே! இன்னொரு பொய்யைத்தான் தேடினேன்.

"சாதம் சாப்பிட்டா ஆபீஸ்ல தூக்கம் தூக்கமா வரது. மானேஜர் முறைக்கறார். இனிமே எனக்குச் சப்பாத்தி போறும். சாதத்தை நீ சாப்பிடு."

அவள் லேசில் ஒப்பவில்லை. மன்றாடித்தான் சம்மதிக்க வைத்தேன். சில வாரங்களில் வயிறு அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. நான் மகிழ்ந்திருக்க வேண்டாமா? எனக்குப் பகீரென்றது. அப்படியானால் டாக்டர் சந்தேகப்பட்டது சரிதானா? அல்லது சோறு எந்த நோஞ்சான் வயிற்றுக்கும் இதமானது என்பதால் தேறினாளா? தெளிவாக இல்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை தொங்குகிறேன்.

லலிதாவோ என் பெருமையைக் கட்டடம் முழுக்கப் பரப்பிவிட்டாள். "சும்மா சாக்குச் சொல்றார் மாமி. எனக்காகத்தான் சாதத்தையே விட்டுட்டார்!"

"எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு!" என்று பக்கத்து வீட்டு மாமி தன் கணவர் காதில் விழும்படி பெருமூச்சு விட்டாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அதோடு விட்டாளா? என் ஆயுளுக்காக வேண்டிக்கொண்டு சனிக்கிழமை விரதம் தொடங்கினாள். விரத நாளில் சோறு ஆகாது, ராத்திரி பலகாரம்தான். வீட்டில் இருப்பது கோதுமை ரவை. அதில் உப்புமா கிளறிச் சாப்பிடுவாள். ஞாயிறும் திங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள்.

"ரெண்டு பழம் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கோயேன். உப்புமா எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"உப்புமாவுக்கு என்ன வந்தது? டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னுட்டாரே!"

"விரதத்தையாவது விடேன்."

"நீங்க எனக்காகச் சாதத்தை விட்டேள். உங்களுக்காக இதுகூட நான் செய்யப்படாதா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எழுப்பிய சுவரே இடிக்கிறது. உண்மையைச் சொன்னால் அழுவாள்; அதைத் தாங்கிக்கொள்ளலாம். அழுது முடித்துவிட்டுக் குழாயடியில் விழுந்த நாளை நினைத்துப் பார்ப்பாளே... அப்போது என்னைப் பார்க்கும் பார்வையை எப்படித் தாங்குவேன்? டாக்டரைத் தனியே பார்த்து யோசனை கேட்கலாமென்று ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். மூன்று மாதம் நிறுத்தினீர்களா என்றுதானே முதலில் கேட்பார்? திரும்பி வந்துவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையில் கடுகு வெடிக்கிறது. இதோ, கூப்பிடுகிறாள்.

"ஏன்னா, வாங்கோ. எனக்குத்தான் இன்னிக்குச் சாதம் கிடையாதே, உங்களுக்குத் தயிர் சாதம் பிசைஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு ஆபீஸ் இல்லை, நன்னாத் தூங்குங்கோ!"

எதிரே உட்கார்ந்து அவள் உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொள்வாள். நான் தயிர் சாதத்தைச் சாப்பிடுவேன். போன சனிக்கிழமையும் சாப்பிட்டேன்.