டீசென்ட் ஃபேமிலி

அல்சூரில் வீடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, அந்த மாடி ஹாலில் ஓனரம்மா இருந்தார், புரோக்கர் ரமேஷ் இருந்தார், சோபாவின் நுனியில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இல்லை. அவர் போளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறார், பெங்களூருக்கு வரவே மாட்டேன் என்கிறார். தங்கை செல்வியும் இல்லை. அவள் கீழே தெருவில், டெலிவரி கம்பெனி சட்டையோடு தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ரமேஷின் ஏற்பாடு. வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

“ஓனருக்கு டீசென்ட் ஃபேமிலி வேணும் சார். பொண்ணு சாப்பாடு டெலிவரி பண்ணுதுன்னா ஒரு மாதிரி நெனைப்பாங்க. அப்பா, அம்மா, நீங்க. மூணு பேரு. முடிஞ்சுது.”

ஆக, ஊரில் இருக்கும் அப்பா குடிவந்துவிட்டார். கூடவே இருக்கும் தங்கை காலி செய்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ‘டீசென்ட்’ என்றால் கண்ணியமான என்று அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்தவன். ஊரில் அதற்குச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விடுவது என்றுதான் பொருள். பீன்யாவில், நான் தரம் பார்க்கும் பட்டறையில், ‘டீசென்ட் பீஸ்’ என்றால் பிரமாதமில்லை, ஆனால் திருப்பி அனுப்பவும் வேண்டாம். சம்பளம் டீசென்ட் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இங்கே வீடு தேடும்போது அந்தச் சொல் நம்மைத் தரம் பார்க்கிறது. ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஆறு வீடுகள் கைநழுவியிருந்தன. அதனால் நானும் தலையாட்டிவிட்டேன். செல்விதான் சிரித்தாள். “நான் டீசென்ட் இல்லியா? பரவால்லண்ணா. வீடு கெடச்சா ஜன்னல் பக்கம் எனக்கு.”

காபி வந்தது. கூடவே மழையும் வந்தது. ஓனரம்மா பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, டெலிவரி பொண்ணு! எதுக்கு நனையற? மேல வா!”

செல்வி வந்து வாசலில் நின்றாள். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள். பிரமாதமாக நடித்தாள். நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனரம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

அதை வாங்கியது அம்மா. யோசிக்கவேயில்லை. எழுந்து போய், செல்வியின் தலையைக் குனியவைத்து, “கோட்டு எங்கடி? சளி புடிச்சா யாரு பாக்கறது?” என்று துவட்ட ஆரம்பித்துவிட்டாள். ரமேஷ் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“யாரு இது?” என்றார் ஓனரம்மா.

“எம் பொண்ணுங்க” என்றாள் அம்மா.

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச பையன்தானே? தங்கச்சிய மழையில நிக்க வெச்சுட்டு காபி குடிக்கற. இது டீசென்டாப்பா?”

“இல்லைங்க” என்றேன். அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஓனரம்மா செல்வியைப் பார்த்து, “வண்டிய கேட்டுக்கு உள்ள நிறுத்திக்கோ. கேட்ட மெதுவா சாத்தணும், அஷ்டே” என்றார். அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. “தண்ணி மட்டும் தனி, ஆளுக்கு இருநூறு. அப்பாவோட சேத்து நாலு பேரு, சரியா?”

மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

“நாலுங்க.”

குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. ஜன்னல் பக்கம் செல்வி படுக்கிறாள். அப்பாவின் சட்டைக்கென்று அம்மா சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள், அதில் இப்போதைக்கு என் பை தொங்குகிறது. தண்ணீருக்கு மாதம் எண்ணூறு கொடுக்கிறோம். அதில் இருநூறு, இன்னும் ஊர்க் குழாயில் குளித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு.