தீவில் இரண்டு வரிப் பாட்டு

பரமத்தி வேலூரில் பரிசல் ஏறி, காவிரி நடுவே இருக்கும் திட்டுக்கு வந்திருக்கிறேன். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய ஓட்டு வீட்டில் பேட்டரி ரேடியோ இருக்கிறது. சென்னையிலிருந்து பாட்டு இரைச்சலோடு வருகிறது. பத்து நாளாகப் பாட்டே கேட்காத நான் சப்பணமிட்டு உட்கார்கிறேன். இரண்டு வரி முடிவதற்குள் வீட்டுக்கார அம்மாள் குமிழைத் திருகி நிறுத்திவிடுகிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

“கோவிச்சுக்காதீங்க சாமி. ஞாயித்துக்கெழமை பட்டாளத்துப் பசங்க ஊட்டுக்குச் சொல்ற சேதி வாசிப்பாங்க. அதுக்குப் பேட்டரி வேணுமுங்க.”

“உங்க மகன் பட்டாளத்துல இருக்காரா?”

“எங்கூட்டுல யாரும் போகலீங்க. உங்களக் கூட்டியாந்த பரிசக்காரரு பையன் பர்மாச் சண்டையில இருக்கறான். அவரு வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறாரு. இன்னும் பையன் பேரு வரலீங்க.”

திரும்பும்போது பரிசல்காரர் துடுப்பை வலித்தபடி கேட்கிறார். “பாட்டுக் கேட்டீங்களாங்க?”

“ரெண்டு வரி கேட்டேன். பேட்டரி இருக்கட்டும்னு நானே நிறுத்தச் சொல்லிட்டேன்.”

அவர் முகம் மலர்கிறது. “அப்ப ஞாயித்துக்கெழமை நீங்களும் வந்துருங்க சாமி. பையன் பேரு வந்தா சேர்ந்து கேக்கலாம்.”

சனிக்கிழமையே ஊர் திரும்ப வேண்டியவன், “வர்றேன்” என்கிறேன். இதாவது பொய்யில்லை.