பதினான்கு வரிக்கு ஓர் எண்

இரண்டு வெள்ளைத்தாள்களை டேப் போட்டு நீளவாக்கில் ஒட்டி, பென்சிலில் எழுதியிருந்தார் மேடம். பதினான்கு வரி, ஒரே சமன்பாடு. கடைசி வரிக்கு நேரே, வலது ஓரத்தில் 4.9 என்று ஓர் எண். அதைச் சிவப்பு மையில் இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மேடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பர்கூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கிரானைட் அறுக்கும் பிளேடு எப்படி அதிர்கிறது என்பது அவருடைய ஆய்வு. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்திருந்தார். கல்வியாண்டு தொடங்குவதற்குள் முனைவர் பட்டம் கைக்கு வந்தால்தான் வேலை நீடிக்கும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமன்பாடு ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஒன்பது வரி இந்தப் பக்கம், ஐந்து வரி அடுத்த பக்கம். ஒன்பது வரிக்கு எண்ணே இல்லாமல் பக்கம் முடிந்தால் நான் மறந்துவிட்டதாகத்தான் பார்ப்பவன் சொல்வான். அதனால் முதல் துண்டுக்கு 4.9, அடுத்த துண்டுக்கு 4.10 என்று போட்டுவிட்டேன். வட்டமிட்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

பைண்டிங் முடிந்த அன்றுதான் மேடம் பார்த்தார்.

“என்ன பாய் இது? ரெண்டு நம்பர் போட்டிருக்கீங்க?”

“ரெண்டு பக்கத்துல வருதே மேடம்.”

“நீங்க சூளகிரியில பஸ் மாறுனா ரெண்டு பாயா ஆயிடுவீங்களா?”

பைண்டிங் போடும் ஆள் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. “அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

அப்போதே எனக்கு ஒன்று உறைத்தது. ஓர் எண் கூடினால் பின்னால் வரும் சமன்பாடுகளுக்கெல்லாம் கணினி தானே எண்ணை மாற்றிவிடும். வாக்கியத்துக்குள் ‘சமன்பாடு 4.15-இன்படி’ என்று நான் கையால் அடித்தது மாறாது. அங்கிருந்து அத்தியாயம் முடியும்வரை அப்படி அடித்த ஒவ்வொரு எண்ணும் தவறான சமன்பாட்டைக் காட்டும். சொன்னால் ஆறு பிரதியையும் பிரிக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று மேடம் ஓடினார்.

ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர் பார்த்துவிட்டார். நிரூபணமே பொருந்தவில்லை, திருத்திக் கொடு என்று திரும்பி வந்தது. அதற்குள் கல்வியாண்டு தொடங்கி, கல்லூரியில் மேடம் இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

திருத்த மேடம் வேறு கடைக்குப் போயிருக்கலாம். என் கடைக்குத்தான் வந்தார். தேர்வாளரின் கடிதத்தை மேசையில் வைத்தார். “எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். ஆய்வேட்டை என் முன்னால் விரித்தார்.

“முதல்ல இதைச் சரி பண்ணுங்க பாய். அப்புறமா திட்டுறேன்.”

பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நான் மாற்றினேன். மறு வருடம் பட்டம் வந்தது. வேலை வரவில்லை. இப்போது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். கம்பெனி பஸ் சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தலையசைப்பார்.

இன்றுவரை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு நான் மறந்திருப்பேன்.