சம்பந்திக்கு மட்டும் வியர்க்காதா?

மூன்று வாரத்துக்கு முன்னால், தி.நகர் பட்டுக்கடையில் எனக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல். புடவையைப் பார்த்து அல்ல... சம்பந்தியம்மாவைப் பார்த்து!

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க இரு வீட்டாரும் போயிருந்தோம். எனக்கு வயது ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருடம். திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலைவரை குப்பென்று ஒரு சூடு கிளம்பும். அடுத்த நிமிடம் தொப்பலாக நனைந்துவிடுவேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் என் வயதுதான். அவ்வளவு கூட்டத்தில், கனத்த பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறார். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை? ம்ஹூம்!

“உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லையா சம்பந்தியம்மா?” வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“எனக்கா? தினம் ஆளி விதைப் பொடி, சோயா பால். அவ்ளோதாங்க. ஜில்லுனு இருக்கேன்!”

ஜில்லென்று இருக்கிறாராம்! நிச்சயதார்த்தத்தில் நாங்கள் எதிரெதிரே நின்று தட்டு மாற்ற வேண்டும். ஃபோட்டோவில் அவர் மகாராணி... நான் நனைந்த கோழியா?

இதைச் சொன்னதும் என் டாக்டரம்மா சிரித்தார். “அதுல தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கு. நம்ம ஹார்மோன் மாதிரியே கொஞ்சம் வேலை செய்யும். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. அளவா சாப்பிடுங்க.”

அளவா? பொறாமைக்கு ஏது அளவு? அவர் ஒரு ஸ்பூன் என்றால் நான் நாலு. இட்லிப் பொடியில், மோரில், ரசத்தில்கூட ஆளி விதை.

“என்னடி, ரசம் வழவழன்னு இருக்கு?” என்றார் கணவர்.

வயிறு உப்பியதுதான் மிச்சம். சூடு அப்படியே இருந்தது.

போன புதன்கிழமை மயிலாப்பூரில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற ஐந்து நிமிடம் இருக்கும்போது குப்பென்று கிளம்பியது! ஹாலில் ஏசிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலி. வந்ததுமே பார்த்து வைத்திருந்தேன். ஓடினேன்.

அதில் சம்பந்தியம்மா! ரவிக்கை தொப்பல். தாம்பூலப் பையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“நீங்களுமா?”

“ஆளி விதை பாதி நாள்தாங்க கேக்குது,” என்று முணுமுணுத்தார். “பட்டுக்கடையிலயும் ஏசிக்குக் கீழதானே நின்னேன்... நீங்க கவனிக்கலையா?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இத்தனை நாள் பொறாமை போயே போய்விட்டது. “நீங்க உக்காருங்க” என்று எழுந்தார். பெண்ணைப் பெற்றவள் உட்கார முடியுமா? “ஐயோ, நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா!” என்றேன், மரியாதைக்கு.

சட்டென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு மறுபடி எரிய ஆரம்பித்தது!