கோணலாகவே இருக்க வேண்டிய கேலக்ஸி

ஷார்ஜாவில் இருந்தபோது, மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. மற்ற பிள்ளைகள் எரிமலையும் காற்றாலையும் செய்ய, இவள் ஒரு கேலக்ஸியைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் ஒழுங்கான கேலக்ஸி இல்லை. எம் அறுபத்தாறு என்று பெயர். சுருள் வடிவம்தான். ஆனால் ஒரு கை இறுகிச் சுருண்டிருக்கும். இன்னொன்று பிய்த்து இழுத்ததுபோல விலகி நிற்கும். மையமும் நடுவில் இருக்காது. பக்கத்து கேலக்ஸியின் ஈர்ப்பு இழுத்த இழுப்பாம்.

தெர்மாகோலும் பஞ்சும் வைத்து ஒரு வாரம் ஒட்டினாள். கண்காட்சிக்கு முந்தின நாள் நான் கிளினிக் டூட்டி முடிந்து வந்தால், என் வீட்டுக்காரர் பசைக் கையோடு உட்கார்ந்து சிரிக்கிறார். கப்பல் கட்டும் யார்டில் வெல்டிங் சரிபார்ப்பது அவர் வேலை. கேலக்ஸி கொசுவத்திச் சுருள் மாதிரி கச்சிதமாக இருந்தது.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"சரி பண்ணிட்டேன். பிள்ள அளவு தெரியாம ஒட்டியிருந்தா. சென்டர்கூட ஒரு பக்கமா தள்ளில்லா இருந்துச்சு!"

பள்ளியிலிருந்து வந்தவள் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அது கோணலாதான் இருக்கணும், டாடி! நெய்பர் இழுத்துச்சு!"

அவர் பக்கத்து ஃபிளாட் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் கதவப் பூட்டுங்கன்னு சொல்லுதேன்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கத்தியை எடுத்துச் சுரண்ட உட்கார்ந்தேன். யார்டிலிருந்து கொண்டுவந்த பசை, லேசில் விடுமா? ஒரு கை உடைந்தே வந்தது. மகள் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நான் கோணலாக ஒட்டினேன். அவர் ஸ்கேலோடு பின்னால் நின்று, பக்கத்து கேலக்ஸி இழுத்த கதையை மகளிடம் கேட்டுக் கேட்டு முனகினார்.

மறுநாள் நடுவராக வந்தவர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. கொஞ்சம் நீட்டா செஞ்சிருக்கலாம்" என்றார்.

மகள் வாய் திறக்குமுன் என் வீட்டுக்காரர் பாய்ந்தார். "சார், கோணல்தான் கரெக்ட்! பக்கத்து கேலக்ஸி இழுத்திருக்கு. நேரா இருந்தாத்தான் ரிஜெக்ட் பண்ணணும்!" நடுவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார், இவரும் கூடவே போனார். அங்கே காற்றாலை வைத்திருந்த பிள்ளை பேச இடமில்லாமல் விழித்தது.

"மம்மி, ஸ்டாப் ஹிம்" என்று மகள் என் கையைக் கிள்ளினாள். நான் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

பரிசு எரிமலைக்குப் போனது. காரில் நெரிசலில் நின்ற நேரமெல்லாம் அவர் நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி டூட்டிக்கு நேரமாகியிருந்தது.