நாகம்மா நடந்த நடை

போன திங்கட்கிழமை ஒரு டாக்டர் சிரித்தார். அதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்ட?

நாகம்மாவைச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறங்கி, ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் பிடிப்பவர். பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு இறால் அவர்தான் தருவார். படகுத்துறையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி விட்டு, மேலும் கீழும் ஸ்குரு போட்டார்கள். மாதங்கள் போயின... எலும்பு கூடவில்லை.

டாக்டர் ஒரு ஸ்குருவைக் கழற்றினார். "இனிமே உடம்பு வெயிட் முறிஞ்ச இடத்துல இறங்கும். அந்த அழுத்தத்துலதான் எலும்பு வளரும். நல்லா நடக்கணும்" என்றார். நல்ல வைத்தியம்தான், குறை சொல்லவில்லை.

அடுத்த எக்ஸ்ரேயிலும் அதே இடைவெளி. அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"நடந்தியா?"

"டெய்லி நடக்கிறேன் சார். காலைல எறங்குனா மத்தியானம் வரிக்கும்."

"பொய் சொல்லாதே! நடந்திருந்தா கூடியிருக்கும். இடுப்பெலும்பைக் கொஞ்சம் எடுத்து வெச்சு, மறுபடி ஆபரேஷன்தான்."

வெளியே வந்து நாகம்மா அழுதார். இன்னொரு ஆபரேஷன் என்றால் இறால் சீசன் முழுக்கப் படுக்கை. "நான் பொய் சொல்லலம்மா... சத்தியமா நடந்தேன்."

"எங்கே நடந்தீங்க?"

"ஏரிலதான். கரைல காலை வெச்சா உயிர் போவுது. மாரளவு தண்ணில இன்னா வலி? ஒண்ணும் தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் ஆளைத் தாங்கிக்கொண்டால் எலும்புக்கு வெயிட் எங்கிருந்து வரும்? ஆனால், ஏரியில் பிழைக்கிறவர் வேறெங்கே நடப்பார்? மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர், எங்கே நடந்தாய் என்று ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாரா? பொய்க்காரி பட்டம் கட்ட மட்டும் அவ்வளவு அவசரமா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். டாக்டர் முகம் சிவந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். "தரையில நடக்கட்டும், பார்ப்போம்."

நாகம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணீர் வழிய, கோட்டைக்குப்பம் ரோட்டில் நடந்தார். ஏரிப் பக்கமே போகவில்லை.

போன திங்கட்கிழமை எக்ஸ்ரேயில், முறிவைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு. ஆபரேஷன் வேண்டாம்! டாக்டர் சிரித்தது அப்போதுதான். "பார்த்தியா? பொய் சொல்லாம நடந்ததும் கூடிடுச்சு!"

"அப்பவும் நடந்தேன் சார்" என்றார் நாகம்மா.

டாக்டர் காதில் விழாத மாதிரி அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

எலும்பை ஒட்டவைக்க எத்தனையோ டெக்னிக் வந்துவிட்டது — ஒரு டாக்டர் வாயிலிருந்து 'சாரி'யை எடுக்கத்தான் இன்னும் எந்த ஆபரேஷனும் வரவில்லை!