என்னைக் காண்கிறவர்

ஆரியசாலை வீட்டு அடுக்களையில், சர்க்கரை டப்பாவுக்கு நேர் மேலே ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘ஏல் ரோயீ – என்னைக் காண்கிற தேவன்’ என்று எழுதியிருக்கும். வேதத்தில் கடவுளுக்குள்ள எபிரெயப் பெயர்களில் ஒன்று. என் மாமியாருக்கு அது போலீஸ்காரர் மாதிரி. சோற்றில் ஒரு சொட்டு நெய் கூடுதலாக விட்டால் போதும், “அவரு பாத்துக்கிட்டுதான் இருக்காரு பிள்ளே” என்பாள். பார்க்கட்டுமே, அவருக்கும் ஒரு உருண்டை தருகிறேன் என்று மனசுக்குள் முணுமுணுப்பேன். நாகர்கோயில் பக்கத்துச் சபையில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான் பழக்கம். கடவுள் பார்க்கிறார் என்றால் அகப்பட்டுக்கொண்டோம் என்று அர்த்தம்.

என் கணவர் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. எப்போதாவதுதான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். சந்தின் கடைசியில் பொதுக் கிணறு, ஆழம் சொல்லி மாளாது. குடம் குடமாய் நான்தான் தண்ணீர் கோர வேண்டும். முதல் கர்ப்பம் அப்படித்தான் கலைந்தது. பலவீனமான உடம்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

இரண்டாவது தடவை உண்டாகியிருந்தபோது, சபைப் பெண்கள் கூட்டத்தில் போதகரின் மனைவி அந்தப் பெயரைப் பற்றிப் பேசினார். கடவுளுக்கு அதை வைத்தது தீர்க்கதரிசியும் இல்லை, ராஜாவும் இல்லை. எஜமானி படுத்திய பாட்டைத் தாங்காமல், வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போன ஓர் அடிமைப் பெண். நாதியற்று உட்கார்ந்திருந்த தன்னையும் ஒருவர் கண்டாரே என்று நெகிழ்ந்து அவள் வைத்த பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப் பாவமே, இதையா இத்தனை நாள் சர்க்கரைக்குக் காவல் வைத்திருந்தோம்! முன்வரிசையில் இருந்த மாமியாரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

ஆனாலும் மறுநாள் காலையில், பழக்கதோஷம், குடத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை. இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, நாகர்கோயில் பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வேதக் கதையில் தேவதூதன் வந்து, திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கியிரு என்று சொல்கிறானாம். அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவேயில்லை. நல்லவேளை, எனக்குத் தூதன் வரவில்லை. எஜமானியே வந்தாள், அவிழ்ந்த கொண்டையோடு மூச்சிரைக்க.

“வா பிள்ளே, வீட்டுக்குப் போவோம்.”

“வரமாட்டேன் மாமி. அந்தக் கெணறு எனக்க பிள்ளையைத் தின்னுப்போட்டு.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“போன தடவை நீ இடுப்பைப் பிடிச்சிட்டு குடம் தூக்குனதை நான் கண்டேன். கண்டுட்டும் மிண்டாம, வாயைப் பொத்திட்டு இருந்தேன். நேத்து அந்தம்மா பேசினதிலேருந்து அதுதான் நினைப்பு, கேட்டியா? இனிமே வெள்ளம் நான் கோருதேன்.”

அவள் காணவில்லை என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். கண்டிருக்கிறாள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்தபோதும் அது அடங்கவில்லை. ஆனாலும் எழுந்து கூடவே நடந்தேன்.

சொன்னபடி செய்தாள். மருமகள் மாமியாரை வேலைக்காரியாக்கிவிட்டாளே என்று கிணற்றடியில் கேலி பேசினார்கள். “ஆமா, அதுல ஒங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வருவாள். எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். மருத்துவச்சி குளிப்பாட்டி மாமியார் கையில் கொடுத்தாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாமியார் கன்னமெல்லாம் கண்ணீராக நின்றிருந்தாள்.

“பிள்ளே,” என்றாள், “இது கண்ணைத் தொறந்து என்னையேல்லா பாக்குது!”